ராமானுஜனின் உயிரைப் பறித்தது காசநோய்தானா? டாக்டர்கள் கணக்கில் எடுக்காத ஒரு பழைய சீதபேதி

ராயபுரம் சோமு செட்டி தெருவில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. கணித ஆசிரியர் பி.கே.சீனிவாசன் 1993-ல் தொடங்கியது. உள்ளே கடிதங்கள், படங்கள், நோட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல்கள் என எல்லாமே ஒரே ஒருவரைப் பற்றியவை: சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனுக்கு எதற்கு ராயபுரத்தில் அருங்காட்சியகம் என்று யோசிக்கலாம். கும்பகோணம் தெரியும், கேம்பிரிட்ஜ் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு வடசென்னை வாழ்க்கையும் இருந்தது. பாட்டி வீடு ஜார்ஜ் டவுனில். படித்த கல்லூரியும் ஜார்ஜ் டவுனில். வேலை, சென்னைத் துறைமுகத்தில். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியதும் அதே துறைமுகத்தில்தான்.

அவர் 32 வயதில் காசநோயால் இறந்தார் என்றுதான் பல வருஷமாகப் படித்துவருகிறோம். ஆனால் 1994-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை இதை மறுத்தது. அவருடைய நோயின் தொடக்கம் இங்கிலாந்துக் குளிரில் இல்லை, சென்னையில் மாணவராக இருந்தபோது வந்த சீதபேதியில் இருக்கிறது என்றது. அது உண்மையென்றால், அந்த நோய்க்கு அன்றைக்கே மருந்து இருந்தது என்பதும் உண்மை.

என்ன நடந்தது? ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

ஜீரணம் ஆகாத பாடம்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள். இரண்டு வயதில் பெரியம்மை வந்து பிழைத்த குழந்தை.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு. 1904-ல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் அந்த உதவித்தொகை போனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். 1906-ல் சென்னைக்கு வந்து, அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேயும் கணக்கில் கெட்டிக்காரர், மற்றதில் தோல்வி. அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாடம் உடலியல். செரிமானம் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் தனக்கு ஜீரணம் ஆகவில்லை, மன்னிக்கவும் என்ற பொருளில் எழுதிவிட்டு, பெயர் போடாமலேயே தாளைக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கதை. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் சிரிப்பு வராது.

அதே 1906-ல்தான் அவருக்குக் கடுமையான சீதபேதி வந்தது. படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணம் திரும்பி, சுமார் மூன்று மாதம் வீட்டில் இருக்கவேண்டிய அளவுக்கு. உடம்பு தேறியது. மறுபடி சென்னைக்கு வந்தார். எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. வயிற்று உபாதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவரும்தான்.

சீதபேதி என்றால் என்ன?

சாதாரண வயிற்றுப்போக்கு வேறு, சீதபேதி வேறு. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி, சளி போன்ற சீதமும் ரத்தமும் கலந்து மலம் போவதுதான் சீதபேதி. கூடவே அடிவயிற்றில் முறுக்கு வலி, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு. கிராமத்தில் வயிற்றுக்கடுப்பு, ரத்தபேதி என்றும் சொல்வார்கள். மருத்துவ வகைப்பாட்டில், கீழ்க்குடல் ரத்தக்கசிவுக்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பாக்டீரியாவால் வருவது. இன்னொன்று அமீபாவால் வருவது. இந்த அமீபாவின் பெயர் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. திசுக்களைக் கரைப்பது என்று அந்தப் பெயரிலேயே அர்த்தம் இருக்கிறது.

நோயாளியின் மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, ஈ மொய்த்த சாப்பாடு வழியாக அமீபாவின் கூடு நம் வயிற்றுக்குள் போகிறது. சிறுகுடலில் கூடு உடைந்து அமீபா வெளியே வருகிறது. பெருங்குடலில் குடியேறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்கு மட்டும் குடல் சுவரைத் துளைத்து உள்ளே போகும். வாய் குறுகலாகவும் அடியில் அகலமாகவும் குடுவை மாதிரி புண் உண்டாகும். அந்தப் புண் ஒரு ரத்தக்குழாயைத் தொட்டுவிட்டால் ரத்தம் கொட்டும்.

கதை அங்கேயே முடிவதில்லை என்பதுதான் சிக்கல். குடலில் இருந்து போகும் ரத்தமெல்லாம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அந்த ரத்தத்தோடு அமீபாவும் போகிறது. கல்லீரலில், பெரும்பாலும் வலது பக்கத்தில், சீழ்க்கட்டி உருவாக்குகிறது. சீதபேதி நின்று மாதங்கள், சில நேரம் வருஷங்கள் கழித்தும் இது வெளிப்படலாம். அப்போது வயிறு நன்றாக இருக்கும், மலத்தில் ரத்தம் இருக்காது. காய்ச்சல், எடைக் குறைவு, வலது விலாவுக்குக் கீழே வலி என்று வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

அன்றைய சென்னையின் தண்ணீரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாக நகரத்துக்கு வந்தது. மணல் வடிகட்டியில் சுத்திகரித்துக் கொடுக்கும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது 1914-ல். ராமானுஜன் பச்சையப்பனில் படித்தபோது நகரம் குடித்தது வடிகட்டாத தண்ணீர். ஜார்ஜ் டவுனில் சீதபேதி வருவது அப்போது ஊரைக் கூட்டும் செய்தியே இல்லை.

நோட்டுப் புத்தகத்தை நண்பரிடம் கொடுத்தவர்

1909-ல் ஜானகியோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 10 வயது. கையில் பட்டம் இல்லை, வேலையும் இல்லை. 1910 தொடக்கத்தில் விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. வீட்டில் காசில்லை. ஒரு டாக்டர் இலவசமாகச் செய்துகொடுத்தார்.

இந்தக் காலகட்டத்தில், சுமார் 1909-ல், இரண்டாவது முறையும் சீதபேதி வந்தது என்று 1994 கட்டுரை கணக்கிடுகிறது. சென்னையில் டியூஷன் தேடி அலைந்த ராமானுஜன் மீண்டும் படுக்கையில் விழுந்தார். நண்பர் ராதாகிருஷ்ண ஐயர் டாக்டரிடம் கூட்டிப்போய், பிறகு ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். கிளம்பும்போது தன் நோட்டுப் புத்தகங்களை நண்பரின் கையில் கொடுத்தார் ராமானுஜன். தான் செத்துப்போனால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரி எட்வர்ட் ராஸிடமோ சேர்க்கச் சொன்னார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.

அந்த முறையும் பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும் வேலை தேடலைத் தொடர்ந்தார். திருக்கோவிலூரில் இந்தியக் கணிதக் கழகத்தின் நிறுவனர் ராமசாமி ஐயரைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் முதல் ஆய்வுக்கட்டுரை அச்சில் வந்தது.

துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளம்

1912 மார்ச் 1. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை கிளார்க்காகச் சேர்ந்தார் ராமானுஜன். மாதச் சம்பளம் 30 ரூபாய். வீடு சைவ முத்தையா முதலி தெருவில். அம்மா, பாட்டி, ஜானகி எல்லோரும் அங்கே.

மேலதிகாரியாக வந்த நாராயண ஐயரும் கணித ஆர்வலர். ராத்திரி இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு கொடுத்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சரக்கு கட்டி வந்த தாள்களில் கணக்கு எழுதியவர் இந்த கிளார்க். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போனது. மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. 1914 மார்ச் 17, நெவாஸா கப்பல். தான் வேலை பார்த்த துறைமுகத்திலிருந்தே அவர் புறப்பட்டார்.

அந்தக் கப்பலில் சௌரி முத்து என்ற தமிழ் டாக்டரும் பயணம் செய்தார். இங்கிலாந்தில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். இவர்தான் பின்னாளில், 1928-ல், தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். மூன்றே வருஷத்தில் ராமானுஜன் இவருடைய நோயாளியாகப் போகிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஒரு நோயாளி, நான்கு சந்தேகங்கள்

கேம்பிரிட்ஜில் முதல் மூன்று வருஷம் வேலை மேல் வேலை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சுத்த சைவம், தானே சமையல், நேரம் காலம் இல்லாத தூக்கம். 1917 வசந்தத்தில் உடம்பு விழுந்தது. கேம்பிரிட்ஜிலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள்.

முதல் சந்தேகம், இரைப்பைப் புண். அது சரிப்பட்டு வரவில்லை.

அடுத்தது காசநோய். அக்டோபரில் மெண்டிப் மலையில் சௌரி முத்துவின் சானடோரியம். அதன்பிறகு டெர்பிஷையரில் மாட்லாக் சானடோரியம். ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்காற்றில் படுக்கவைப்பதுதான் அன்றைய காசநோய் சிகிச்சை. கும்பகோணத்து மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் காசநோய்க்கான நுரையீரல் அறிகுறிகள் தெளிவாக வரவில்லை. காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தது. எடை குறைந்தது.

மூன்றாவது சந்தேகம் இன்னும் பயங்கரமானது. லண்டன் மருத்துவ நிபுணர் பேட்டி ஷா, கல்லீரலில் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பழைய விரைவீக்க அறுவை சிகிச்சை பற்றியும் அவருக்குத் தெரியவந்தது. அது உண்மையில் புற்றுக்கட்டியாக இருந்து, இப்போது கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று நினைத்தார். மாதங்கள் ஓடியும் நோயாளி மோசமாகவில்லை என்றதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

நான்காவது, எங்கிருந்தோ ரத்தத்தில் கலந்துவரும் ஏதோ ஒரு தொற்று. அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. கல்லீரல் வரை ஒரு டாக்டர் போய்விட்டார். இந்தியாவில் நடந்த பழைய அறுவை சிகிச்சையையும் தோண்டி எடுத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு படி கீழே இறங்கி, இந்த மனிதருக்கு முன்னால் எப்போதாவது சீதபேதி வந்ததா என்ற கேள்வியை நோயோடு சேர்த்துப் பார்த்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

ஏன் யாருக்குமே தோணல?

முதல் காரணம், பார்த்த டாக்டர்களில் ஒரு சாரார் காசநோய் நிபுணர்கள், இன்னொரு சாரார் இரைப்பை நிபுணர்கள். கல்லீரல் அமீபா நோய் அன்றைய இங்கிலாந்தில் வெப்பமண்டல நோய். ஊர்ப்புற மருத்துவமனைகளில் அதைப் பார்த்தவர்களே குறைவு.

இரண்டாவது காரணம், நோயாளி. பதினோரு வருஷத்துக்கு முன்பும் எட்டு வருஷத்துக்கு முன்பும் வந்துபோன வயிற்றுப்போக்குக்கும் இப்போதைய காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? கேட்காமல் சொல்லும் விஷயமா அது? நம் ஊரில் இன்றைக்கும் மலத்தில் ரத்தம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

மூன்றாவது காரணம், நோய் உண்மையிலேயே ஏமாற்றக்கூடியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். ஸ்கேன் இல்லாத காலத்தில் கல்லீரலுக்குள் இருப்பதை விரலால் தட்டியும் அழுத்தியும்தான் ஊகிக்கவேண்டும்.

மருந்து இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. இபிகாக் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த எமெட்டின் மருந்தை ஊசியாகப் போட்டால் அமீபா சீதபேதி அடங்குகிறது என்று கல்கத்தாவில் டாக்டர் லியோனார்ட் ரோஜர்ஸ் 1912-ல் காட்டியிருந்தார். ராமானுஜன் துறைமுகத்தில் சேர்ந்த அதே வருஷம். போர்க்களத்தில் சீதபேதி வந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்த மருந்து போனது. இதயத்தைப் பாதிக்கும் ஆபத்து அதற்கு உண்டு. ஆனாலும் அன்றைக்கு அதுதான் உயிர் காக்கும் மருந்து.

இன்னொரு பொருத்தம்தான் மனசை உறுத்துகிறது. போர் வீரர்களின் சீதபேதியை ஆராய்ந்து, மனிதக் குடலில் வாழும் அமீபாக்களைப் பற்றி 1919-ல் முக்கியமான நூல் எழுதியவர் கிளிஃபோர்ட் டோபெல். 1918-ல் ராயல் சொசைட்டி தேர்ந்தெடுத்த உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அதே வருஷப் பட்டியலில்தான் ராமானுஜனின் பெயரும் இருந்தது. அமீபாவை அறிந்தவர் பெயரும், அமீபாவால் சாகப்போகிறவராக இருக்கக்கூடியவர் பெயரும் ஒரே காகிதத்தில்.

1729-ம் கடைசிக் கடிதமும்

அந்த 1918 தொடக்கத்தில் ராமானுஜன் மனதளவில் மிகவும் உடைந்திருந்தார். லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அக்டோபரில் ட்ரினிட்டி கல்லூரி ஃபெலோ பதவி. பெருமைகள் வரிசையாக வந்தபோது அவர் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்ட 1729 கதையும் நோயாளி ராமானுஜனின் கதைதான். லண்டன் பட்னி பகுதி மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண் அது. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் 1729 என்று படுக்கையிலிருந்தே சொன்னார். 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தாலும் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் 1729.

கொஞ்சம் தேறியதும், 1919 பிப்ரவரி 27 அன்று நகோயா கப்பலில் கிளம்பி மார்ச் 27-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். சென்னையில் சில மாதம், கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சந்திரசேகர ஐயர் பார்த்துக்கொண்டார். அவரும் காசநோய் நிபுணர். அமீபா நோய் சகஜமான ஊருக்கே திரும்பி வந்த பிறகும், இங்கிலாந்தில் ஒட்டிய காசநோய் என்ற சீட்டு கிழியவில்லை.

1920 ஜனவரியில் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கணிதப் பொருளைப் பற்றியது. படுக்கையில் கிடந்தபடியே எழுதிய தாள்கள் 100 பக்கத்துக்கு மேல். அவை 1976-ல் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்து, தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று பெயர் பெற்றன. கணித உலகம் இன்றும் அவற்றில் வேலை செய்கிறது.

1920 ஏப்ரல் 26. சேத்துப்பட்டு வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. ஜானகிக்கு அப்போது 21.

1994 கட்டுரை சொன்னது என்ன?

கிடைத்த கடிதங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் டி.ஏ.பி.யங். விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடை இழப்பு, கல்லீரல் பாதிப்பு, காசநோய்க்கு ஒத்துவராத அறிகுறிகள், முன்னால் இரண்டு முறை சீதபேதி. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால் கல்லீரல் அமீபா நோய்தான் பொருந்துகிறது என்றார் அவர்.

இது நிரூபிக்கப்பட்ட தீர்ப்பு அல்ல. நோயாளி இறந்து 74 வருஷம் கழித்துக் காகிதத்தை வைத்துச் செய்த கணிப்பு. காசநோய்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. வைட்டமின் குறைபாட்டைச் சொன்னவர்களும் உண்டு. சீழ்க்கட்டி மூன்று வருஷம் இழுக்குமா என்றும் கேட்கலாம். ஆனால் அந்தக் கட்டுரைக்குப் பிறகு, ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் அமீபாவைச் சொல்லாமல் தாண்டிப்போக முடிவதில்லை.

இன்றைக்கு என்றால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மலத்தில் ரத்தம் என்றதும் நம்மில் பலர் முடிவு கட்டுவது மூலம். பல நேரம் அது சரிதான். பெரியவர்களிடம் மூலம், ஆசனவாய் வெடிப்பு, குடல் சதை வளர்ச்சி, குடல் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் பொதுவான காரணங்கள். அபூர்வமான காரணங்களும் உண்டு. குடல் சுவரில் ரத்தக்குழாய் கோணலாக விரிந்திருப்பது, பிறவியிலேயே சிறுகுடலில் இருக்கும் மெக்கல் பை, குடல் காசநோய்ப் புண், அமீபா புண்ணில் இருந்து திடீரென்று கொட்டும் ரத்தம் ஆகியவை அதில் சில.

டாக்டர் முதலில் பார்ப்பது நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். நிறைய ரத்தம் போயிருந்தால் சலைனும் ரத்தமும் ஏற்றி நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் காரணத்தைத் தேடுவார்கள். அடுத்து ஆசனவாய்ப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை.

அதன்பிறகு கொலனோஸ்கோப்பி. கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பது. புண் இருந்தால் அதன் ஓரத்திலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா தெரிந்தால் நோய் உறுதி. ரத்தம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து, கசியும் குழாயைக் கண்டுபிடித்து உள்ளிருந்தே அடைக்க முடியும். எதிலும் தெரியாவிட்டால், மாத்திரை மாதிரி விழுங்கும் கேப்ஸ்யூல் கேமரா சிறுகுடலைப் படம் பிடிக்கும்.

மலத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் மாதிரி சூடாக, உடனே போகவேண்டும். ஆறிப்போனால் அமீபா அசையாது, கண்ணில் படாது. எண்டமீபா டிஸ்பார் என்று அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், ஆனால் நோய் தராத அமீபாவும் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம் என்று உறுதியானதே 1993-ல்தான். ஆன்டிஜென், பிசிஆர் சோதனைகள் இவற்றைப் பிரித்துக் காட்டும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சிக்கும் அமீபா சீதபேதிக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதற்கு ஸ்டீராய்டு மருந்து. அதை அமீபா உள்ளவருக்குக் கொடுத்தால் நோய் வேகமெடுத்துக் குடல் ஓட்டையாகிவிடலாம். அதனால்தான் ஸ்டீராய்டு தொடங்கும் முன் அமீபா இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். சில நேரம் அமீபா கட்டி புற்றுநோய் மாதிரியே தோன்றும். அதற்கும் திசுப் பரிசோதனைதான் பதில்.

கல்லீரல் சீழ்க்கட்டியை இன்றைக்குச் சாதாரண வயிற்று ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனையில் அமீபாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் தெரியும். மெட்ரோனிடசோல் மருந்து 1960-களில் அமீபா சிகிச்சைக்கு வந்தபிறகு பெரும்பாலானவர்கள் மருந்திலேயே குணமாகிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் ஊசி மூலம் சீழை எடுப்பார்கள். அதோடு முடிவதில்லை. குடலில் தங்கியிருக்கும் அமீபாவை ஒழிக்க இன்னொரு மருந்தையும் கட்டாயம் முடிக்கவேண்டும். இந்த இரண்டாவது மருந்தைப் பாதியில் விடுகிறவர்களுக்குத்தான் நோய் திரும்பி வர வாய்ப்பு.

டாக்டரிடம் என்ன சொல்லவேண்டும்?

வடசென்னைக்காரர்களுக்கு இந்தச் சிகிச்சை தூரத்தில் இல்லை. ராமானுஜன் குடியிருந்த பகுதிக்குப் பக்கத்திலேயே, பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. குடல், இரைப்பை நோய்களுக்குத் தனி மருத்துவப் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் அங்கே உண்டு.

போகும்போது சில தகவல்களை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் சிவப்பா, கருப்பா, கட்டியாகப் போகிறதா, சீதம் கலந்திருக்கிறதா? எத்தனை நாளாக இருக்கிறது? காய்ச்சல், எடைக் குறைவு உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ, மூட்டுவலி மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா? முக்கியமாக, பல வருஷத்துக்கு முன்னால் என்றாலும், சீதபேதியோ மஞ்சள்காமாலையோ காசநோயோ வந்திருந்தால் அதையும்.

தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்போடு ரத்தம் போனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தத்தை நிறுத்திக்கொள்வதும் தப்பு. ரத்தம் நின்றுவிடும், காரணம் உள்ளேயே இருக்கும்.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 ஏப்ரல் 13 அன்று காலமானார். கணவரின் மரணத்துக்கு வேறொரு காரணம் இருந்திருக்கலாம் என்ற கட்டுரை வெளியானதும் அதே வருஷம்தான். ராயபுரம் அருங்காட்சியகம் தொடங்கி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகள் 1729-ஐ எழுதிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1906-ஐயும் அவர்களுக்குச் சொல்லலாம். கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டால் விடை தப்பாகும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். டாக்டரிடம் சொல்லும் விவரத்துக்கும் அதே விதிதான்.